கணினியில் ஒரு சிக்குக் கோலம்

பொங்கல் நேரத்தில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் போனால் ஸ்டிக்கர் கோலங்கள் கடை வாசலில் கட்டுக்கட்டாக இருப்பதைப் பார்க்கலாம். பின்புறத் தாளை உரித்து ஒட்டினால் முடிந்தது வேலை. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அது வசதி. குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பக்க வடிவமைப்பு வேலையில் இருப்பவன் கண்ணுக்கு ஒன்று உறுத்தும். ஸ்டிக்கரில் இருக்கும் அதே தாமரைதான் கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கிறது. அதே மயில் கோவில் திருவிழா மலரில் இருக்கிறது. அதே குத்துவிளக்கு கருமாதி அழைப்பிலும் நிற்கிறது. எல்லாம் இணையத்திலிருந்து இறக்கியவை. கேட்டால், “வரையவா நேரம் இருக்கு?” என்பார்கள். உண்மையில் இவற்றில் பாதியை வரைய எடுக்கும் நேரம், இணையத்தில் தேடும் நேரத்தைவிடக் குறைவு.

இதைச் சொல்லக் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம். சென்ற ஆண்டு மார்கழிக்குச் சில வாரங்களுக்கு முன் என் அண்ணன் மகள் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். கோலாலம்பூரில் கணக்காய்வு வேலை பார்ப்பவள். நோட்டு அவள் பாட்டியுடையது, எனக்குப் பெரியம்மா. கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில், பால்மரம் வெட்டிவிட்டு வந்து மத்தியான நேரத்தில் ஊதாப் பேனாவால் போட்டு வைத்த சிக்குக் கோலங்கள். மொத்தம் 62.

பெரியம்மாவுக்கு இப்போது 79 வயது. கை நடுங்குகிறது. தேநீர்க் கோப்பையையே இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார். மாவு எடுத்து இழை விட முடியாது. மகளோ மருமகளோ பேத்தியோ, யாருக்கும் அந்தக் கோலங்கள் மனப்பாடம் இல்லை. நோட்டின் தாள் பழுப்பேறிவிட்டது, மடிப்பில் மை கரைந்து சில கோடுகள் மறையத் தொடங்கிவிட்டன.

“சித்தப்பா, பொங்கலுக்கு இதைச் சின்னப் புத்தகமாப் போட்டு சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கணும். பாட்டி கையில முதல் பிரதி கொடுக்கணும்.”

அவள் ஏற்கெனவே ஓர் அச்சுக்கடைக்குப் போய்வந்திருந்தாள். அங்கே கைத்தொலைபேசியில் படமெடுத்து, கணினி தானாகவே கோடாக மாற்றும் வசதியில் போட்டு, கோப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சரிபோலத்தான் இருந்தது. கொஞ்சம் பெரிதாக்கினால் கோடு எறும்பு ஊர்ந்த மாதிரி நெளிந்தது. மை ஊறிய இடம், தாளின் நார், பேனா நின்ற இடம், எல்லாவற்றையும் கோடு என்றே கணினி நம்பியிருக்கிறது. ஒரு சின்னக் கோலத்திலேயே நானூறுக்கு மேல் கணுக்கள்.

கணு என்று நான் சொல்வதை மென்பொருளில் ஆங்கர் பாயிண்ட் என்பார்கள். புள்ளி என்று சொன்னால் கோலப் புள்ளியோடு குழம்பும். கரும்புக்குக் கணு மாதிரி, கோட்டுக்கும் கணு. ஒவ்வொரு கணுவிலிருந்தும் இரண்டு பக்கமும் மெல்லிய கைப்பிடிகள் நீளும். கைப்பிடி எந்தத் திசையில் நீள்கிறதோ அந்தத் திசையில் கோடு புறப்படும். எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் அந்தத் திசையை விடாமல் பிடித்துக்கொண்டு போகும். பக்க வடிவமைப்பில் உருவம் வரைவது என்பது பெரும்பாலும் இந்தக் கணுவையும் கைப்பிடியையும் வைத்துக்கொண்டு செய்யும் வேலைதான்.

இந்த வளைவு பிறந்தது ஓவியக்கூடத்தில் இல்லை, பிரான்ஸ் நாட்டுக் கார் நிறுவனங்களில். சித்ரோவனில் போல் டி காஸ்டெல்ஜோ 1959லும், ரெனோவில் பியர் பெசியே 1960களிலும் காரின் உடல் வளைவைக் கணக்காக எழுத வழி கண்டார்கள். பெசியேயின் பெயர்தான் வளைவுக்கு நின்றது. 1984ல் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அந்த வளைவை அச்சுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் வந்தது. அதை வைத்துத் தொழில் பழகிய என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அதில் கோடு, கட்டம், வட்டம் போடலாம். வளைவு வேண்டுமென்றால் வேறொரு மென்பொருளில் வரைந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும். 1999ல் வந்த இன்டிசைனில் பென் டூல் பக்கத்துக்குள்ளேயே கிடைத்தது.

புள்ளி வைப்பது

முதலில் எடுத்தது பெரியம்மா எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுத்த கோலம். 5 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை. அதாவது வரிசைக்கு 1, 3, 5, 3, 1. மொத்தம் 13 புள்ளிகள். நான்கு முனையிலும் காது வைத்த ஒரு சாய்சதுரம். அதன் நடுவே ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, சதுரத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கும் இரண்டு நீள வளையங்கள். பார்த்தால் ஒரே சிக்காகத் தெரியும். விரலால் தொடர்ந்து பார்த்தால் மூன்று இழை. நம் வீடுகளில் இதைப் பார்த்திராதவர்கள் குறைவு.

நோட்டுப் பக்கத்தை ஸ்கேன் செய்து, பக்கத்தின் அடி லேயரில் வைத்து, 30 விழுக்காட்டுக்கு மங்கலாக்கிப் பூட்டிவிட்டேன். கைத்தொலைபேசிப் படம் வேண்டாம். சற்றுச் சாய்த்துப் பிடித்தாலும் சதுரம் சரிவாகிவிடும். வரைவது மேல் லேயரில்.

எலிப்ஸ் டூலை எடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் சரியான வட்டம் வரும். ஒரு சின்ன வட்டம் போதும். எடிட் பட்டியலில் ஸ்டெப் அண்ட் ரிப்பீட் என்று ஒன்று இருக்கிறது. அதில் கட்டமாகப் போடச் சொல்லி, 5 வரிசை, 5 நிரல், இடைவெளி 12 மில்லிமீட்டர் என்று கொடுத்தால் 25 புள்ளிகள் கண் இமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். நான்கு மூலையிலும் மும்மூன்றை அழித்தால் மீதி 13. மாவில் வைத்தால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் புள்ளி எங்கேயாவது விலகி, கோலம் ஒரு பக்கமாய்ச் சாயும். இங்கே சாயாது.

இழை விடுவது

நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். இரண்டு புள்ளிகளுக்குச் சரியாக நடுவில்தான் இழைகள் ஒன்றையொன்று தாண்டுகின்றன. தாண்டும்போது 45 பாகையில் தாண்டுகின்றன. பென் டூலோடு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் கைப்பிடி 45 பாகையின் மடங்குகளில் மட்டும்தான் நிற்கும். கோலத்துக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும்.

வலது முனைப் புள்ளியின் காதை எடுத்துக்கொள்வோம். அந்தப் புள்ளிக்கும் அதற்கு உள்ளே இருக்கும் புள்ளிக்கும் நடுவில் முதல் கணு; கைப்பிடி மேல்நோக்கிச் சாய்வாக. அடுத்தது முனைப் புள்ளிக்கு நேர் மேலே, கைப்பிடி கிடையாக. அடுத்தது அதற்கு வலப்புறம், கைப்பிடி நெடுக்காக. பிறகு நேர் கீழே. பிறகு புறப்பட்ட இடத்துக்கே வந்து, அங்கிருந்து சாய்வாக நேர்க்கோடு, மேல்முனைப் புள்ளிக்குக் கீழே இருக்கும் தாண்டும் இடம் வரை. சாய்சதுரத்தில் கால் பங்கு இது. அப்புறம் பென் டூலைக் கீழே வைத்துவிடலாம். வரைந்ததைக் கோலத்தின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு 90 பாகை திருப்பி நகல் எடுங்கள், இன்னும் இரண்டு முறை. முனையும் முனையும் சேரும் இடத்தில் ஜாயின் கொடுத்தால் ஒரே இழை. நீள வளையத்துக்குப் பாதி வரைந்து 180 பாகை திருப்பினால் ஒன்று. அதை 90 பாகை திருப்பினால் மற்றொன்று.

கடைசியில் எண்ணிப் பார்த்தேன். முழுக் கோலத்துக்கும் 36 கணுக்கள். அதில் கையால் வைத்தது ஒன்பதே ஒன்பது. கணு குறையக் குறையக் கோடு சீராகும். பென் டூலைப் புதிதாகப் பிடிப்பவர்கள் கோடு சரியாக வரவில்லையென்றால் இன்னொரு கணு, இன்னொரு கணு என்று வைத்துக்கொண்டே போவார்கள். அது சரிப்படாது. வெள்ளை அம்புக்குறியை எடுத்து இருக்கிற கணுவின் கைப்பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும், பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும். கறுப்பு அம்பு உருவம் முழுவதையும் நகர்த்தும். வெள்ளை அம்பு ஒரு கணுவை மட்டும் பிடிக்கும். இந்த வித்தியாசம் கைக்கு வந்துவிட்டால் பாதி மென்பொருள் வந்துவிட்டது என்பேன்.

இந்தத் திருப்புவது, பிரதி எடுப்பது, இணைப்பது எல்லாம் கோலத்தின் இலக்கணத்திலேயே இருப்பவைதான். சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை ஒரு மொழி மாதிரி விதிகளால் எழுத முடியும் என்று 1974லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கணினி அறிவியல்காரர்களுக்கு அது தெரியும். நம் வீட்டுப் பெண்களுக்கு அதைச் சொல்லத் தேவையே இல்லை.

பெரியம்மா பார்த்த பார்வை

முதல் தாளை அச்செடுத்துப் பெரியம்மாவிடம் கொண்டுபோனோம். கண்ணாடியை மேலே தூக்கி, தாளைக் கிட்டே வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா இது காம்பஸ் வச்சுப் போட்டது. என் கை இப்படிப் போகாது.”

அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. வட்டத்தைக் கணினி நான்கு கணுக்களால்தான் வரைகிறது. அந்தக் கைப்பிடியின் நீளம் ஆரத்தில் ஏறக்குறைய 0.55 பங்கு. அந்த அளவை வைத்தால் எந்த வளைவும் காம்பஸில் போட்ட வளைவாகிவிடும். நோட்டில் இருக்கும் காது அப்படி இல்லை. மேலே ஏறி, கொஞ்சம் தோளை உயர்த்தி, பிறகுதான் இறங்குகிறது.

அண்ணன் மகளுக்கு வேறு யோசனை. “பாட்டி வரைஞ்சதை அப்படியே அச்சுக்கு எடுத்தா என்ன? கோணலும் பாட்டியோடதுதானே?” ஒரு வகையில் அது நியாயம்தான். எனக்கும் கொஞ்ச நேரம் அப்படித்தான் தோன்றியது. அதற்கும் பெரியம்மாவே முடிவு சொன்னார். “புள்ளி கோணினா அது நோட்டோட குத்தம். புள்ளி நேரா இருக்கட்டும். இழை மட்டும் என் கை மாதிரி வரட்டும்.”

அன்றிரவு வெள்ளை அம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணு எதையும் நகர்த்தவில்லை. காதின் மேல், ஓரம், கீழ் என்று மூன்று கணுக்களின் கைப்பிடிகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, அடி லேயரில் மங்கலாகத் தெரிந்த ஊதா மைக்கோட்டோடு ஒத்துப் பார்த்தேன். 0.55 இருந்தது 0.65 வந்தபோது தோள் வந்துவிட்டது. திரையில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காத வித்தியாசம். மற்றக் கோலங்களிலும் அதே அளவை வைத்துப் பார்த்தேன், பெரும்பாலானவற்றில் கோடு மேல் கோடு உட்கார்ந்தது. எத்தனையோ ஆண்டுகள் விட்டுவிட்டுப் போட்ட கோலங்களில் ஒரே கை, ஒரே தோள். மறுநாள் காட்டியபோது பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. விரலைத் தாளில் வைத்து இழையோடு ஓட்டிக்கொண்டே போனார்.

அப்போதுதான் ஒன்று கவனித்தோம். விரல் நடுங்கியது, ஆனால் எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் தயக்கமே இல்லை. ஒவ்வொரு கோலத்துக்கும் ஓர் ஆரம்ப இடம் வைத்திருக்கிறார், நோட்டில் அது எங்கும் எழுதப்படவில்லை. அண்ணன் மகள் பென்சிலை எடுத்து, விரல் தொட்ட முதல் இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டாள். அந்த இடத்தில் இழையைக் கத்தரித்துத் திறந்துவிட்டு, ஸ்ட்ரோக் பகுதியில் தொடக்கத்துக்கு ஒரு சின்னப் புள்ளியும் முடிவுக்கு ஓர் அம்பும் கொடுத்தேன். மூடிய உருவத்துக்கு அம்பு வராது, அதனால்தான் கத்தரிப்பு. என்னைக் கேட்டால் அந்தப் புத்தகத்தில் விலைமதிப்பில்லாதது அந்த அம்புகள்தான்.

அச்சுக்குப் போகும் முன்

இழையின் தடிப்பு 2.5 பாயிண்ட் வைத்தோம். ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72ல் ஒரு பங்கு, அப்படியானால் 2.5 பாயிண்ட் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முனையையும் மூலையையும் உருண்டையாக்கினால் மாவுக்கோடு மாதிரி இருக்கும். 6 சென்டிமீட்டர் கோலத்தை அட்டைக்காகப் பெரிதாக்கும்போது தடிப்பும் சேர்ந்து பெரிதாக வேண்டுமா என்று மென்பொருளின் விருப்பத் தேர்வுகளில் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோலம் யானையாகவும் கோடு நூலாகவும் நிற்கும். இன்னொன்று, மெல்லிய கோடுகளை ஒரே மையில் போடுங்கள். நான்கு மை கலந்த மெரூன் நிறத்தில் போட்டால், அச்சில் ஒரு தகடு இம்மி விலகினாலும் ஒவ்வோர் இழைக்கும் பக்கத்தில் ஒரு நிழல் இழை ஓடும்.

அட்டைக்குத் தலைப்பு “கோலம்”. நம்மூர் பேனர்களில் அடிக்கடி உடையும் எழுத்துகளில் ஒன்று முதலிலேயே வந்து நிற்கிறது. இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னால், கால் பின்னால். மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் கொம்பு இடம் மாறி அலங்கோலம்தான். இன்டிசைனில் 2012ல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்து இந்திய மொழிகளுக்கு வசதி இருக்கிறது. பத்தி அமைப்பில் கம்போசரை ‘வேர்ல்ட்ரெடி’ என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு மாற்றம் தெரியாமல் எத்தனை கோவில் மலர்கள் உடைந்த எழுத்தோடு வந்திருக்கின்றன!

எழுத்து சரியாக வந்தபின் டைப் பட்டியலில் கிரியேட் அவுட்லைன்ஸ் கொடுத்தால் எழுத்தும் உருவமாகிவிடும். கோல இழைக்கு இருக்கும் அதே கணு, அதே கைப்பிடி. லகரத்தின் சுழியைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி வரச் செய்தோம். தலைப்பும் கோலமும் ஒரே கையில் போட்டதுபோல ஆனது. உருவமாக மாறிய எழுத்தில் பிறகு பிழை திருத்த முடியாது. மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியை எழுத்தாகவே ஒதுக்கி வையுங்கள். சாதாரண பிடிஎஃப் கோப்புக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் தேவைப்படாது, எழுத்துரு உள்ளேயே போய்விடும். பேனர் கடைக்குத் திறந்த கோப்பாகக் கொடுக்கும்போதுதான் இது உயிர்காக்கும். அவர்களிடம் உங்கள் தமிழ் எழுத்துரு இருக்காது.

எழுத்துரு என்றதும் ஒரு சின்னப் பெருமை. ஆப்பிள் கணினியில் இருக்கும் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவின் பெயரில் வரும் எம்என், நம் மலேசியாவின் முத்து நெடுமாறனின் பெயரெழுத்துகள்.

இன்டிசைனுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டுமே என்பவர்களுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. இலவசம். பெசியே வளைவு, பலமடங்கு பிரதி, உருவங்களைச் சேர்ப்பது வெட்டுவது எல்லாம் அதிலும் உண்டு. 1.6 பதிப்பில் தமிழ் எழுத்தும் ஒழுங்காகச் சேர்கிறது. பழைய 1.4 பதிப்பை யாராவது கொடுத்தால் தமிழுக்கு அதை வாங்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு விடுமுறை நாளை இதற்கு ஒதுக்கலாம். முதல் பயிற்சிக்கு மாங்காய் நல்லது. வட்டம் போட்டு, மேல் கணுவைக் கூர்முனையாக்கி, ஒரு பக்கமாக இழுத்தால் மாங்காய். அதைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் சேலைக்கரை. குத்துவிளக்கு இன்னும் சுலபம், பாதி வரைந்து கண்ணாடிபோல் புரட்டினால் போதும்.

எங்கள் புத்தகம் ஏ5 அளவு, 28 பக்கம். நடுவில் ஊசி அடித்துக் கட்டுவதால் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 20 கோலங்கள், பக்கத்துக்கு ஒன்று. முகப்பும் முன்னுரையும் போக, கடைசியில் நான்கு பக்கம் மீந்தது. குடும்பப் படம் போடலாம் என்றாள் அண்ணன் மகள். பெரியம்மா வேண்டாம் என்றார். அந்த நான்கிலும் புள்ளி மட்டும் வைக்கச் சொன்னார். 5 புள்ளி, 7 புள்ளி, 9 புள்ளி, ஒன்றில் ஊடுபுள்ளி. ஸ்டெப் அண்ட் ரிப்பீட்டில் சில நிமிட வேலை. பென்சில் கோடு தெரியட்டும் என்று புள்ளிகளை 30 விழுக்காட்டுச் சாம்பல் நிறத்தில் விட்டேன்.

அச்சகத்திலிருந்து ஓர் ஊழியர் தொலைபேசியில் கூப்பிட்டார். கடைசி நான்கு பக்கத்தில் கோடு எதுவும் வரவில்லை, கோப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது, சரி பார்த்து அனுப்புங்கள் என்றார். ஒன்றும் விடுபடவில்லை, அப்படியே அடியுங்கள் என்றேன்.